தாசன் அண்ணையின் நன்றிச் சாப்பாடு

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தாசன் அண்ணையின் மகள் ஜெசிந்தா. "மாமா" என்று தொடங்கியவள், அப்பா இறந்துவிட்டார் என்பதை டெனிஷில் சொன்னாள். பதினாறு வயதுப் பிள்ளை. தம்பியோடு டெனிஷில் கதைத்தாலும் என்னோடு தமிழில் மட்டும்தான் கதைப்பாள். அந்த ஒரு வசனத்தைத் தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானும் டெனிஷிலேயே எப்போது என்று கேட்டேன்.

தாசன் அண்ணை விடிய வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கி, அதை ஒரு மதிலோடு சாத்திவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தாராம். பின்னால் வந்த தொழிற்சாலைத் தோழர் ஒருவர் நின்று என்னவென்று விசாரித்தபோது பதில் இல்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தாறு வயது.

டென்மார்க்கில், இந்த இக்காஸ்ட் நகரில் இருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். முழுப்பெயர் சூசைதாசன் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மன்னாரைச் சேர்ந்தவர். பின்னலாடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் வேலை. கத்தோலிக்கர்; கோவிலில் கடைசி வாங்கில் இருப்பார். ஒவ்வொரு நவம்பரிலும் நான்காம் வியாழக்கிழமை வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். நன்றிச் சாப்பாடு என்று நாங்கள் சொல்லும் அந்த விருந்தில் உங்களில் எத்தனையோ பேர் இருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அது எப்படித் தொடங்கியது என்பதைச் சிலர்தான் அறிவீர்கள். அதற்குள் நான் செய்த ஒரு காரியமும் இருக்கிறது. அதை ஒருவரும் அறியவில்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இனி அதை எழுதாமல் அவரைப் பற்றி வேறு எதையும் எழுத என்னால் முடியாது.

இங்கே வந்த புதிதில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். தாசன் அண்ணை, நான், பிறகு கனடாவுக்குப் போய்விட்ட இன்னொருவர். முதலாம் மாடி. கீழ் வீட்டில் கிர்ஸ்டன் என்ற டெனிஷ்ப் பெண் இருந்தார். அறுபது வயது தாண்டியவர். கணவரோடு அமெரிக்காவில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, அவர் இறந்தபின் ஊர் திரும்பியவர். அங்கே தாங்ஸ்கிவிங் என்று கொண்டாடும் நாளை இங்கேயும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் வந்த வருடம் படியில் எங்களை மறித்து, வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வரவேண்டும் என்றார். போனோம். வான்கோழியும் சிவப்பு ஜாமும் மெழுகுதிரிகளும் இருந்தன. சாப்பிட முதல் ஒவ்வொருவரும் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று சொல்லவேண்டும். அதுதான் முறை என்றார்.

எனக்கு மொழி கொஞ்சம் கெதியாகப் பிடிபட்டிருந்தது. அதனால் எல்லோருக்கும் நானே மொழிபெயர்ப்பாளன். தாசன் அண்ணையின் முறை வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"அடுத்த வருசம் என்ரை மனிசியும் பிள்ளையளும் இந்த மேசையிலை இருப்பினம். அதுக்கு நன்றி" என்றார்.

மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் சிரித்துவிட்டு, நன்றி நடந்து முடிந்ததற்குத்தான் சொல்வது, வந்தபிறகு சொல்லுங்கள் என்றார்.

"பிந்திச் சொன்னா மறந்துபோவன் எண்டு சொல்லும் தம்பி" என்றார் தாசன் அண்ணை.

மனைவியின் பெயர் றோசலின். மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது எட்டு வயது, மகன் றொபினுக்கு ஐந்து. மூவரும் மன்னாரில் றோசலினின் அக்கா வீட்டில் இருந்தார்கள். குடும்பத்தை இங்கே அழைப்பதற்கான விண்ணப்பத்தைத் தாசன் அண்ணை உரிய நேரத்தில் உரிய கடதாசிகளோடு கொடுத்திருந்தார். நிரப்பியது நான். அந்த நாட்களில் எங்கள் கோப்புகள் கொப்பன்ஹேகனில் வேண்டுமென்றே அசையாமல் வைக்கப்பட்டிருந்தன என்பது பிறகுதான் நாட்டுக்கே தெரியவந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டும்தான்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் கிர்ஸ்டன் வீட்டுத் தொலைபேசியில் அலுவலகம் ஒன்றுக்கு எடுத்தேன். தாசன் அண்ணை பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கோப்பு இலக்கத்தைக் கேட்டாள், காக்கவைத்தாள், பிறகு 'ஸ்னார்ட்' என்றாள். டெனிஷில் அதற்குக் கெதியில், விரைவில் என்று பொருள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் திரும்பினேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இந்த மாசக் கடைசிக்குள்ளை அலுவல் முடிஞ்சிடுமாம் அண்ணை" என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானமே றோசலினுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தை நம்பி இருக்காமல், கொழும்பிலிருந்த தெரிந்தவர் ஒருவர் மூலமாகவும் செய்தி அனுப்பினார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து ஆயத்தமாக இருக்கச் சொன்னார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. தெரிந்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் வராவிட்டாலும் அடுத்த மாதம் வந்துவிடும், யாருக்கு என்ன நட்டம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த கிழமையே அதே கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்தார். அந்த வீட்டை அவர் ஆயத்தம் செய்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தொழிற்சாலையில் ஆடையின் அளவு கீறும் பெரிய கடதாசியில் வீட்டின் படத்தைக் கீறினார். கதவு எங்கே, யன்னல் எங்கே, அதில் என்ன நிறத் திரைச்சீலை, அடுப்பிலிருந்து அலுமாரி எத்தனை அடி என்றெல்லாம் குறித்து றோசலினுக்கு அனுப்பினார். வேலை முடிந்து வந்ததும் சுவருக்குப் பேப்பர் ஒட்டுவார், கதிரைக்கு வர்ணம் பூசுவார், தையல் மெசினில் திரைச்சீலை தைப்பார். ஒருநாள் போனபோது வெறும் அறையில் ஒவ்வொரு மூலையிலும் மாறி மாறி நிலத்தில் இருந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"குளிர் எந்தப் பக்கத்தாலை வருது எண்டு பாக்கிறன். பிள்ளையள் இருந்து விளையாடுற இடம்."

வாசலில் கோட்டுக் கொளுவிகளை மிகவும் தாழ்வாக அடித்தார். ஏன் என்று கேட்டேன். "அவ கட்டை" என்றார். நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் உங்கள் கோட்டு நிலத்தில் முட்டுவதைக் கண்டு சிரித்திருப்பீர்கள். அந்தக் கொளுவிகள் றோசலினின் உயரத்துக்கு அடித்தவை.

நவம்பர் நெருங்கியது. விசா வரவில்லை. சண்டையால் கொழும்புப் பாதை மூடப்பட்டு, றோசலினும் பிள்ளைகளும் வழியில் காட்டுக்குள் இருந்த ஒரு கோவிலில் மற்றச் சனத்தோடு தங்கியிருப்பதாக ஒருவர் மூலம் தகவல் வந்திருந்தது. கோவிலில் இருந்தால் பயமில்லை என்றார் தாசன் அண்ணை. இந்த முறை நன்றிச் சாப்பாட்டைத் தன்னுடைய வீட்டில் வைக்கவேண்டும் என்று கிர்ஸ்டனிடம் கேட்டார். அவர் தன் பெரிய மேசைவிரிப்பையும் வான்கோழி வாட்டும் தட்டையும் மேலே கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வியாழனுக்கு முந்திய ஞாயிறு மத்தியானம் கிர்ஸ்டன் படியேறி வந்து எங்களுக்குத் தொலைபேசி என்றார். கொழும்பிலிருந்து ஒரு பாதிரியார் பேசினார். சூசைதாசனா என்று கேட்டார். இல்லை, கூட இருப்பவன் என்றேன். அவருக்கு இணைப்பு எந்த நேரமும் அறுந்துவிடும் என்ற அவசரம். சொல்லிவிட்டார். மலேரியா. அந்தக் கோவிலில் மருந்து இருக்கவில்லை. றோசலின் இறந்து ஏழு கிழமைகள். பிள்ளைகளை றோசலினின் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டா. நாளைச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

மேலே போனேன். தாசன் அண்ணை கதிரையில் ஏறி நின்று மஞ்சள் திரைச்சீலையை வளையங்களில் கோத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். எந்தச் சொற்களில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. அவர் கதிரையை விட்டு இறங்கவில்லை.

"எப்ப?"

நாளைச் சொன்னேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்.

"அண்டைக்கும் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையளின்ரை அறைக்குப் பேப்பர் ஒட்டினனாங்கள். நீர்தான் பசை கரைச்சனீர்."

மிச்சமிருந்த வளையங்களையும் கோத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்த ஏழு கிழமைகளில் அவர் செய்தது ஒவ்வொன்றும் எனக்கு அன்று முதல் வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. கொளுவி அடித்த நாள், கதிரைக்கு வர்ணம் பூசிய நாள், குளிர் பார்த்த நாள். அந்த நாட்களிலெல்லாம் றோசலின் உயிரோடு இல்லை. நான் அந்த வீட்டுக்குள் போகும்போதெல்லாம், யாரோ இப்போதுதான் எழுந்து குசினிப் பக்கம் போனதுபோல ஓர் உணர்வு வரும். உங்களில் சிலரும் அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

கிர்ஸ்டன் விருந்தை நிறுத்துவோம் என்றார். தாசன் அண்ணை சம்மதிக்கவில்லை. "வரச்சொன்ன ஆக்கள் வரட்டும்" என்றார். வியாழக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் மனைவி பிள்ளைகளுக்குக் காத்திருந்த ஆண்கள். வீடு சூடாக இருந்தது, வெளிச்சமாக இருந்தது, மேசையில் பூ இருந்தது. நன்றி சொல்லும்படி கேட்கக் கிர்ஸ்டனுக்குத் துணிவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தாசன் அண்ணை தானாகவே எழுந்தார்.

"அவ பதினொரு வருசம் என்னோடை இருந்தவ. அதுக்கு" என்றார்.

நான் மொழிபெயர்க்க எழுந்தேன். கிர்ஸ்டன் தேவையில்லை என்று கையைக் காட்டினார்.

கடிதங்கள் அதன்பிறகு வரத் தொடங்கின. றோசலின் அந்தக் கோவிலில் இருந்து எழுதி, யார் யாரிடமோ கொடுத்து, எங்கெங்கோ கிடந்து வந்த மூன்று கடிதங்கள். முதலாவது டிசம்பரில் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தா. குசினி யன்னலுக்கு முன்னால் மேசையைப் போடவேண்டாம், சமைக்கும்போது வெளியே பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தா. தாசன் அண்ணை மேசையை நகர்த்தினார். இரண்டாவது கடிதத்தில், மஞ்சள் திரைச்சீலை வேண்டாம், கெதியாக ஊத்தையாகும், பச்சை போடுங்கோ என்றிருந்தது. அவர் மஞ்சளைக் கழற்றிவிட்டுப் பச்சையில் தைக்க மெசினுக்கு முன்னால் இருந்தார்.

"ஏன் அண்ணை இதெல்லாம்?"

"கேட்டிருக்கிறா. செய்யாமல் விடலாமே?"

மூன்றாவது கடிதம் இரண்டு வரிதான். எழுத்துக் கோணலாக இருந்தது. "ரெண்டு நாளாக் காய்ச்சல். பிள்ளையள் வீட்டை நடந்து பழகீட்டினம்." இரண்டாவது வரி எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. காய்ச்சலில் எழுதியது என்று நினைத்தோம்.

இரண்டு வருடங்கள் கழித்து, கோப்புகள் மறுபடி அசையத் தொடங்கியபின் பிள்ளைகளுக்கு விசா வந்தது. அதுவும் நவம்பர்தான். தாசன் அண்ணையும் நானும் கொப்பன்ஹேகன் விமானநிலையத்துக்குப் போய் அவர்களைக் கூட்டிவந்தோம். ரயில் கப்பலில் ஏறிக் கடலைக் கடக்கும்போது றொபின் தகப்பனின் கோட்டைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. ஜெசிந்தாவுக்குப் பதினொரு வயது. பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள்.

மேல்மாடிக்கு ஏறினோம். தாசன் அண்ணை கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். பிள்ளை அங்குமிங்கும் பார்க்கும், தயங்கும் என்று எதிர்பார்த்தோம். ஜெசிந்தா சப்பாத்தைக் கழற்றினாள், கோட்டைக் கொளுவியில் போட்டாள், ஒருவரையும் கேட்காமல் நேரே நடந்து இடப்பக்கம் திரும்பிக் குசினிக்குள் போனாள். அடுப்புக்கு வலப்பக்க அலுமாரியைத் திறந்து ஒரு தம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்துத் தம்பிக்குக் கொடுத்தாள்.

"உமக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்று கேட்டேன்.

"அம்மா கோவில் மண்ணிலை வீடு கீறினவ. அப்பா அனுப்பின படத்தைப் பாத்துக் கீறினவ. நானும் றொபினும் ஒவ்வொரு நாளும் அதுக்குள்ளை நடப்பம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னவ."

தாசன் அண்ணை வாசலுக்குப் போய்த் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை.

அந்த வருடச் சாப்பாட்டில் ஜெசிந்தாவிடம் நன்றி சொல்லச் சொன்னார்கள். "அம்மா சொன்ன மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கோப்புகளை முடக்கியதைப் பற்றி விசாரணை தொடங்கியதும் எங்கள் பெயரிலேயே ஒரு வழக்கு நாட்டைப் பிடித்து ஆட்டியது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் தமிழர், தமிழர் என்றார்கள். கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு பத்திரிகையாளர் தாசன் அண்ணையைப் பார்க்க வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவர் ஒரு கட்டத்தில் கேட்டார். விசா கிடைக்க முதலே, அப்படியான காலத்தில், உங்கள் மனைவி ஏன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்?

நான் அதைத் தமிழில் சொன்னேன். தாசன் அண்ணை என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் பேசியிருக்கலாம். அதற்கு அதைவிட நல்ல தருணம் இனி ஒருபோதும் கிடைக்காது என்றும் தெரிந்தது. அவர் பத்திரிகையாளரின் பக்கம் திரும்பி, எனக்குக் காத்திராமல், தன்னுடைய உடைந்த டெனிஷில் சொன்னார்: நான்தான் வரச் சொன்னேன்.

வந்தவர் போனபின், "இண்டைக்கு உமக்குப் பெரிசா வேலை இல்லாமல் போச்சு தம்பி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சில மாதங்களில் எனக்குக் கொப்பன்ஹேகன் பக்கம் வேலை கிடைத்து டோஸ்ட்ருப்புக்குக் குடிபோனேன். நவம்பர் வந்தால் அவர் தொலைபேசி எடுப்பார். "வியாழக்கிழமை. மறந்திடாதேயும்." ஒரு வருடமும் தவறவில்லை. ஒரு வருடமும் நானும் தவறவில்லை. எப்போதும் அவருக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் வைப்பார். அந்த இடத்தில் இருந்து சாப்பிடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இப்போது சொல்லிப் பயனில்லை.

முப்பத்தோராம் நாளன்று பூசை முடிந்து, நீங்களெல்லாம் வந்து சாப்பிட்டுப் போனபின், பின்னேரம் குசினியில் ஜெசிந்தாவிடம் சொன்னேன். ஓகஸ்ட் மாதத் தொலைபேசி, அந்தப் பெண் சொன்ன சொல், நான் சொன்ன சொல், அதை நம்பித் தகப்பன் அனுப்பிய செய்தி. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மாமா."

"ஆர் சொன்னது?"

"அப்பா. போன வருசம். டெனிஷ் பள்ளிக்குப் போன முதல் மாசமே அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு படிச்சவராம். ஃபோன்லை அந்த மனிசி கடைசியாச் சொன்னது அந்த ஒரு சொல்தான் எண்டு அவருக்கும் கேட்டதாம், ஞாபகமும் இருந்ததாம். பக்கத்திலைதானே நிண்டவர்."

டெனிஷ் பள்ளிக்கு அவர் போனது றோசலின் இறந்த செய்தி வந்த அந்த மாரிகாலத்தில். அப்படியென்றால் அவர் வீட்டில் நடந்த முதல் விருந்து முடிந்து கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பச்சைத் திரைச்சீலை தைத்தபோது தெரியும். விமானநிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போனபோது தெரியும்.

"அவருக்குக் கோவம் வரேல்லையோ?"

"வந்ததாம். கொஞ்ச நாள் உங்களைக் காணவே பிடிக்கேல்லையாம். பிறகு, ஆரின்ரையாவது வாயிலையிருந்து அப்பிடி ஒரு நல்ல சேதி கேக்கத்தான் நானும் நிண்டனான் எண்டவர்." கோப்பையை அடுக்கினாள். "மாமா ஒரு நாளைக்கு வந்து சொல்லுவார், நான் இல்லாட்டி உன்னட்டைச் சொல்லுவார், சொல்லி முடியச் சாப்பாடு குடு எண்டவர்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குக் கோவம் இருக்கு மாமா" என்றாள் ஜெசிந்தா. "நான் அப்பா இல்லை. எனக்குக் கொஞ்சக் காலம் வேணும்."

"ஓம் பிள்ளை."

பிறகு அவள் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, மீன்குழம்பு விட்டு, எனக்கு முன்னால் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள். நான் சாப்பிட்டு முடியும்வரை எழுந்து போகவில்லை.

தாசன் அண்ணையை அறிந்தவர்களே, அவருடைய வீட்டில் உங்களுக்குக் கிடைத்தவற்றை நீங்கள் அறிவீர்கள். என்னிடம் இருப்பது, அவர் என்னிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. ஏழு நவம்பர்கள் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, என்னைத் தன் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டார். அதை நான் வைத்திருக்கிறேன்.